ஜாஸ்பர் பார்த்த வரன்கள்

குருவானவர் கல்யாண ஓலையை வாசிக்க ஆரம்பித்ததுமே பெண்கள் பக்கத்தில் ஒரு போன் டிங் என்றது.

"இந்தச் சபையைச் சேர்ந்த, காலஞ்சென்ற தவசிமுத்து அவர்களின் மகன் ஜாஸ்பருக்கும், ராயகிரி சபையைச் சேர்ந்த ஞானஒளிவு அவர்களின் மகள் ஜெனிபாவுக்கும்..."

டிங்.

"...விவாகம் நடத்த நிச்சயித்திருப்பதால்..."

டிங், டிங்.

"...இவர்கள் சேர்வதற்குத் தடை எதையாவது அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கலாம். இது முதலாம் முறை."

டிங் டிங் டிங் என்று பெண்கள் பக்கம் முழுக்கச் சிணுங்கியது. போனை அணைத்துவிட்டு உள்ளே வரவும் என்று வாசலில் பெரிதாக எழுதித்தான் வைத்திருக்கிறது. எழுதி வைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தால் ஆராதனைக்கு நேரமாகிவிடாதா?

ஓலை வாசிக்கும்போது கல்யாணப் பையன்கள் வெட்கப்படுவது வழக்கம். பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். ஜாஸ்பரும் விட்டுக்கொண்டான். ஆனால் அவன் புத்தகத்துக்குள் வைத்துப் பார்த்தது தன்னுடைய போனை. அதில் 'வரன்மாலை' என்ற கல்யாணத் தளம் திறந்திருந்தது. 'இன்று நீங்கள் பார்த்த வரன்கள்' என்று மேலே ஓர் எண். கண் முன்னாலேயே அது ஏறிக்கொண்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. 'நீங்கள் பார்த்த விவரம் அவரவர் வீட்டாருக்குக் குறுஞ்செய்தியாகத் தெரிவிக்கப்படும்.'

டிங்.

ஜாஸ்பருக்கு ஃபேனுக்கு அடியிலேயே வேர்த்துக் கொட்டியது.

அவன் வேலை அப்படி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகச் சங்கரன்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பெரிய பெரிய இணையதளங்களில் டேக் சரிபார்க்கிறவன். "மவன் டேக் பாக்கான்" என்று அம்மா மார்த்தாள் சொல்லப்போய், ஜவுளிக்கடையில் சேலைக்கு விலைச்சீட்டு கட்டுகிறான் என்று பாதித் தெரு நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் டேக் என்பது ஒவ்வொரு இணையப் பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல். கல்யாண மண்டப வாசலில் தலை எண்ணுகிற ஆள் மாதிரி. யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று எண்ணிச் சொல்லும். பழைய தளங்களில் ஒரு வாசலில் இரண்டு பேர் நின்று ஒரே ஆளை இரண்டாக எண்ணுவார்கள். இன்னொரு வாசலில் எண்ண ஆளே இருக்க மாட்டார்கள். எங்கே யார் நிற்கிறார்கள் என்று லட்சக்கணக்கான பக்கங்களில் ஆள் போய்ப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு கருவி உண்டு. ஏவிவிட்டால் அதுவே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்து எழுதி வைக்கும்.

இந்தத் தடவை சரிபார்க்க வந்தது வரன்மாலைத் தளம். அதில் வரன்களின் பக்கங்களைத் திறக்க ஒரு கணக்கு வேண்டும். சோதனைக்கென்று தனிக் கணக்கு தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. சனிக்கிழமை வரை பொறுத்துப் பார்த்த ஜாஸ்பர், 'நம்மிடம்தான் ஒன்று இருக்கிறதே' என்று அம்மா அவன் பெயரில் எப்போதோ திறந்த கணக்கையே கருவியிடம் கொடுத்து, ஆராதனை முடிந்து வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று ஏவிவிட்டு வந்திருந்தான்.

அந்தக் கணக்கில் அம்மா என்னென்ன நிபந்தனை போட்டு வைத்திருக்கிறாள் என்பதை அவன் பார்க்கவில்லை. நம்ம திருச்சபை, நம்ம திருமண்டலம், பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் திரும்பி வருகிற தூரம். இந்தியா முழுக்கப் பெண்கள் இருக்கிற தளத்தில், கருவி அம்மா சொல்லி வைத்த பெண்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஜாஸ்பர் பெயரில் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, இப்போது சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களின் பெண்களை.

நிச்சயம் முடிந்துவிட்டால் மட்டும் இந்தச் சபைக்காரர்களுக்குக் கல்யாணம் உறுதியாகிவிடாது. பையன் சபையிலும் பெண் சபையிலும் மூன்று ஞாயிறு ஊரறிய வாசிக்க வேண்டும். எவராவது எழுந்து "ஒரு சங்கதி இருக்கு" என்று தொண்டையைச் செருமினால் போதும், பந்தல்காரனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் அதோடு சரி. ஜாஸ்பருக்குப் பந்தல் பற்றிக் கவலை இல்லை. ஜெனிபாவைப் பற்றித்தான் கவலை. பெண் பார்க்கப் போன அன்று, "காப்பி நல்லாருக்கு" என்று அவன் மரியாதைக்குச் சொன்னதற்கு, "அது காப்பி இல்ல, பூஸ்ட்" என்று எல்லார் முன்னாலும் திருத்தியவள் அவள். அந்த நிமிஷத்திலேயே விழுந்துவிட்டான். இவளைக் கட்டாவிட்டால் இனி யாரையும் கட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்திருந்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து கருவியை நிறுத்தினான். அது ஏற்கனவே வேலையை முடித்துவிட்டுச் சும்மாதான் இருந்தது.

"அம்மா! நிச்சயம்தான் முடிஞ்சுட்டுல்லா, அந்த வரன்மாலைக் கணக்கை நீ மூடலியா?"

"தாலி ஏறட்டும்லே, மூடுவோம்."

"ஏன், அதுக்குள்ள என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. கொடைய எடுத்துட்டுப் போனா மழை வராதுல்லா, அது மாதிரி." மார்த்தாள் தன் போனை எட்டத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். "ஓலை வாசிக்கதுல இருந்து சபைக் குரூப்புல ஒரே கை கூப்புத பொம்மையா வந்து விழுது, பாரு."

ஜாஸ்பர் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. பார்த்த வரன்களின் பட்டியலுக்கு மேலே 'எல்லாரையும் நீக்கு' என்று ஒரு பொத்தான் தெரிந்தது. அப்பாடா என்று அமுக்கினான்.

'நல்லது. இந்த வரன்கள் தங்களுக்குப் பொருந்தவில்லை என்பது அவரவர் வீட்டாருக்குக் கனிவுடன் தெரிவிக்கப்படும்.'

"அய்யய்யோ!"

"என்னலே?"

"ஒண்ணுமில்லம்மா. கனிவு."

மூலையில் இன்னொரு பொத்தான் இருந்தது. 'மனம் மாறிவிட்டதா?' மாறியிருந்தது, நன்றாகவே மாறியிருந்தது. அமுக்கினான். திரையில் கீழிருந்து மேலே சிவப்பு இதயங்களாகப் பறந்தன.

'மகிழ்ச்சி! அனைவருக்கும் தங்கள் விருப்பம் தெரிவிக்கப்படும்.'

எழுநூறு பெண்டாட்டி கட்டிய சாலொமோன் ராஜா ஓர் ஆயுசு முழுக்க நிதானமாகச் செய்த காரியத்தை ஜாஸ்பர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்திருந்தான். சுற்று வட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேரையும் பார்த்து, வேண்டாம் என்று சொல்லி, மறுபடியும் வேண்டும் என்று கேட்டாயிற்று.

கணக்கையே மூடிவிடலாம் என்று போனான். 'நீங்கள் விருப்பம் தெரிவித்தவர்களின் பதில் நிலுவையில் இருப்பதால் இப்போது கணக்கை மூட இயலாது. பொறுமை காக்கவும்' என்றது தளம்.

அன்று சாயங்காலம் சோதனைக் கணக்கு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. தாமதத்துக்கு வருத்தமும் தெரிவித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அடுத்த தெரு பாக்கியத்தாய் ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்தோடு வந்து நின்றாள். அவளுக்கு பியூலா என்று ஒரு மகள். "எங்க பியூலாவ நெட்டுல எல்லாம் போட மாட்டோம், வரன் வீடு தேடி வரும்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறவள். கருவி எழுதி வைத்த பட்டியலில் பியூலா படத்தோடு முதல் பக்கத்திலேயே இருந்தாள்.

"மார்த்தா, சேதி தெரிஞ்சதுல இருந்து எங்க வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம்" என்றாள் பாக்கியத்தாய். "பியூலா அப்பாவுக்கு வாய் ஓயல. ஜாஸ்பர் மாதிரி பையன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சொல்லிட்டே இருக்காவ."

படியில் இறங்கிக்கொண்டிருந்த ஜாஸ்பர் அப்படியே நின்றான். போச்சு. சம்மதம் சொல்ல வந்துவிட்டார்கள். டின்னோடு வந்துவிட்டார்கள்.

"சித்தி, அதை நீங்க உண்மைன்னு எடுத்துக்கிடாதீங்க."

"எதை மக்கா?"

"பியூலாவுக்கு நான் விருப்பம் அனுப்புனதை."

டின்னைத் திறந்துகொண்டிருந்த கை நின்றது.

"மொதல்ல பாத்தேன். பெறவு வேண்டாம்னு அமுக்கிட்டேன். அதைச் சரி பண்ணப் போயி விருப்பம்னு அமுக்கிட்டேன். எல்லாம் மிஷின் செஞ்ச வேலை சித்தி. மனசுல ஒண்ணும் இல்ல."

"எங்கன பாத்த?"

"வரன்மாலையில."

"எங்க பியூலா அதுல எல்லாம் இல்லியே."

"இருக்கா சித்தி. நீலச் சேலை கட்டி, குற்றாலத்துல எடுத்த போட்டோ."

பாக்கியத்தாய் எழுந்துபோய் மார்த்தாள் வீட்டுக் கதவை அவளே சாத்தினாள். திரும்பி வந்தபோது குரல் பாதியாகியிருந்தது.

"வெளிய ஒரு வார்த்த சொல்லிராத மக்கா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் போனபிறகு ஜாஸ்பர் நெகிழ்ந்துபோனான். செய்தி வந்ததையே காட்டிக்கொள்ளாமல், இருக்கிற பெண்ணை இல்லை என்று சொல்லி, அவன் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாளே! எவ்வளவு பெரிய மனசு! சாயங்காலம் அவள் வீட்டிலிருந்து இன்னொரு டின் வந்தது. இந்தத் தடவை அதிரசம்.

இதை எல்லாம் சொல்லி அழ அவனுக்கு இருந்தது ஓர் ஆள்தான். அதே கம்பெனிக்குக் கடையநல்லூரில் வீட்டிலிருந்து வேலை செய்கிற ரிஸ்வான் அகமது.

"அட அல்லாவே!" என்றான் ரிஸ்வான். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். "நம்ம மேனேஜர் சண்முகப்ரியா மேடத்துட்ட சொல்லிரு மாப்ள. சென்னையில பேசி அவங்க சரி பண்ணிருவாங்க."

"வேலை போயிரும்டா. சொந்தக் கணக்குல உள்ள போகக் கூடாதுன்னு எழுதி வாங்கிருக்காங்கல்லா."

"அதுவும் சரிதான். அப்ப ஒண்ணு செய்யி. ஒருத்தரும் வந்து கேக்கதுக்கு முன்னாடி நீயே வீடு வீடாப் போயி சொல்லிரு. நாமளாச் சொன்னா அது மன்னிப்பு. அவங்களா வந்து கேட்டா அது பஞ்சாயத்து."

பேச்சுக்கு நன்றாகத்தான் இருந்தது. ரிஸ்வான் சொல்கிற யோசனை எல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும்.

சாயங்காலங்களில் ஜாஸ்பர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். கழுகுமலை ரோட்டில் ஆரம்பித்து, மேலநீலிதநல்லூர் போய், இளையரசனேந்தல் வரைக்கும் சுற்றினான். எல்லா வீட்டிலும் ஒரே கதை. போனதும், "வாங்க மாப்பிள்ளை, ஓலை வாசிச்சுட்டாங்களாமே" என்று முகமெல்லாம் பல்லாக வரவேற்பார்கள். இவன் வாயைத் திறந்ததும் அந்தப் பல் மறையும். யாராவது எழுந்து கதவைச் சாத்துவார்கள். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பாவுக்கே பெண்ணை நெட்டில் போட்டது தெரிந்திருக்கவில்லை. அம்மா சொல்லாமல் போட்டிருக்கிறாள். அந்த வீட்டில் ஜாஸ்பர் வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பியபிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்ற வேதமுத்துவை அவன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தான்.

"என்னவே, ஓலை வாசிச்ச மாப்பிள்ள இங்கன திரியுதீரு?"

ஜாஸ்பர் அவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னான். அதற்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் மூச்சு விடாமல் வந்தது. பார்த்தேன், வேண்டாம் என்றேன், விருப்பம் என்றேன், மன்னிச்சிருங்க அண்ணாச்சி.

வேதமுத்து டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்னு சொன்னீரா?"

"தவறிச் சொன்னது, அண்ணாச்சி."

"எங்க பிள்ளய ஏன்வே வேண்டாம்னு சொன்னீரு? என்ன கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. அதான் உடனே விருப்பமும் சொல்லிட்டேனே."

"நிச்சயமான பையன், எங்க பிள்ளட்ட விருப்பம் சொல்லுதீரா?"

"அண்ணாச்சி, அது மிஷின்..."

"நான் தபாலாபீசுல எத்தன மிஷினப் பாத்துருக்கேன்! ஒரு மிஷினும் என் மவள வேண்டாம்னு சொன்னதில்ல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. ஞாயித்துக்கெழமை வரட்டும், பாத்துக்கிடுதேன்."

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு வேதமுத்து ஊரில் இல்லை. மதுரையில் ஒரு கல்யாணம். ஜாஸ்பருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி மூன்றாம் ஓலைக்காகக் காத்திருந்தது.

இதற்கிடையில் ஜெனிபாவிடம் சொல்லாமல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று அவனுக்கு உறைத்தது. ராயகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். இடைவேளையில் கூப்பிட்டான்.

"ஜெனிபா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"சொல்லுங்க."

"நான் கொஞ்சம் பொம்பளப்பிள்ளைகளைப் பாத்துட்டேன்."

"கொஞ்சம்னா?"

"நம்ம பக்கத்துல உள்ள எல்லாரையும்."

பின்னால் பிள்ளைகள் போடுகிற கூச்சல் கேட்டது. ஜாஸ்பர் முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தான்.

"அதுல நான் இருந்தேனா?" என்றாள் ஜெனிபா.

"இருந்த."

"என்னயும் வேண்டாம்னு சொன்னீங்களா?"

"எல்லாரோடயும் சேத்து."

"பெறவு?"

"விருப்பம்னு சொன்னேன். எல்லாரோடயும் சேத்து."

முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அவள் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். ஜாஸ்பருக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

"எனக்குக் கோவம் இல்ல" என்றாள். "ஆனா என் வரன்மாலைக் கணக்கு எங்க அப்பா நம்பர்ல இருக்கு. அவங்க இதையெல்லாம் சும்மா விட மாட்டாங்க. அவங்களே சனிக்கெழமை உங்க வீட்டுக்கு வரணும்னு சொல்லிட்டு இருக்காங்க."

"எதுக்கு?"

"கேட்டேன். நேர்ல பேசிக்கிடுதேன்னு சொல்லிட்டாங்க."

ஞானஒளிவு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் மரத்தில் காக்கா கூடக் கத்தாது என்பார்கள். சனிக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்த்தாள் பலகாரத் தட்டை நீட்டினாள். பாக்கியத்தாயின் அதிரசம்தான்.

"மாப்பிள்ள, ஒங்கள்ட்ட ஒரு காரியம் கேக்கணும்" என்று ஆரம்பித்தார்.

நாமளாச் சொன்னா மன்னிப்பு, அவங்களாக் கேட்டா பஞ்சாயத்து. ஜாஸ்பர் முந்திக்கொண்டான்.

"மாமா, நானே சொல்லிருதேன். எல்லாத்தையும் பாத்தது மிஷின். வேண்டாம்னு அமுக்குனது நான். விருப்பம்னு அமுக்குனதும் நான். ஆனா வேணும்னு எதையும் செய்யல. ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன், ஓலைய மட்டும் நிறுத்திராதீங்க. ஜெனிபா இல்லாம என்னால முடியாது."

ஞானஒளிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். பையனைக் கேள்வி கேட்கிற தலைமையாசிரியர் தோரணையிலேயே ஒவ்வொன்றாக விசாரித்தார். ஜாஸ்பரும் நின்றுகொண்டே பதில் சொன்னான்.

"எல்லாப் பக்கத்தையும் மிஷின்தான் பாத்துச்சு?"

"ஆமா மாமா."

"நீங்க ஒண்ணையும் பாக்கல?"

ஜாஸ்பர் தயங்கினான். "ஒண்ண மட்டும் பாத்தேன். ஜெனிபா பக்கத்த."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"சமையல் சுமார். கோவம் உண்டு, சீக்கிரம் ஆறிரும். கணக்குல கெட்டி. பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்லுதவங்களைப் பிடிக்காது."

"மனப்பாடமா?"

"எத்தனையோ தடவ வாசிச்சேன் மாமா. மிஷின் எடுத்து வச்ச பட்டியல்ல மத்தவங்களுக்கு எல்லாம் அடக்கமான பெண், குடும்பப் பாங்கான பெண்ணுன்னு ஒண்ணு போலவே இருக்கு. இது ஒண்ணுதான் ஆளப் பாக்குத மாதிரியே இருந்துச்சு."

தலைமையாசிரியருக்கு மீசைக்குள் ஏதோ நடந்தது. "அது நான் எழுதுனது" என்றார். "அதை மாத்துங்கன்னு அவ அம்மா எத்தனையோ மட்டம் சண்ட போட்டா. இதப் படிச்சிட்டு எவன் ஓடாம நிக்கானோ அவன்தான் மாப்பிள்ளன்னு நான் மாத்தல."

அவர் எழுந்து ஜாஸ்பரின் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது, ஆனால் இதமாக இருந்தது. பொய் சொல்லாத ஒருத்தன் தன் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டான் என்கிற சந்தோஷம் அவருக்கு. மார்த்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆனா அண்ணே," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நிச்சயம் முடிஞ்ச பெறவும் பிள்ள கணக்கை நீங்க மூடலியா?"

ஞானஒளிவு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "தாலி ஏறட்டும்னு பாத்தேன்."

"நானும் அதான் அண்ணே பாத்தேன்."

இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அதிரசம் தின்றார்கள்.

"மாமா, நீங்க ஏதோ கேக்கணும்னு வந்தீங்களே" என்றான் ஜாஸ்பர்.

"அதா? என் போனு தொட்டித் தண்ணிக்குள்ள விழுந்து பதினஞ்சு நாளாச்சு. வைவாங்கன்னு வீட்டுல சொல்லல. கல்யாண வேலைக்குப் போன் இல்லாம முடியல. நீங்க கம்ப்யூட்டர் ஆளு, எது நல்ல போனுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜாஸ்பர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். இவருக்கு ஒரு செய்தியும் வந்திருக்காது! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போன் பெயர் மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனாலும் சொன்னதில் அவனுக்கு வருத்தம் இல்லை. அன்று சாயங்காலமே வரன்மாலையின் தணிக்கை அறிக்கையை முடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் தூங்காதவன் தூங்கினான்.

மறுநாள் மூன்றாம் ஓலை.

"...தடை எதையாவது அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம். இது மூன்றாம் முறை, கடைசி முறை."

ஆண்கள் பக்கத்தில் வேதமுத்து எழுந்தார்.

சபை முழுக்கத் திரும்பியது. பாக்கியத்தாய் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். வேதமுத்து இடமும் வலமும் பார்த்தார், துண்டைச் சரிசெய்தார், நிதானமாகச் சுவரோரம் நடந்து போய்த் தன் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். போகிற போக்கில் ஜாஸ்பரைப் பார்த்துக் கண்ணை ஒரு சிமிட்டு சிமிட்டினார். மனிதருக்குப் பெண்ணை வேண்டாம் என்றதுதான் கோபம், அதற்கு இந்தத் தண்டனை போதும் என்று நினைத்திருப்பார் போல.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்து வேப்பமரத்தடியில் ஜாஸ்பரைச் சுற்றி ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். மன்னிப்புக் கேட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து கையைக் குலுக்கினார்கள். அவன் போகாமல் விட்டது ஒரே வீடுதான். குருவானவர் வீடு. அவருக்கும் ஒரு மகள் உண்டு. அந்த மகளும் பட்டியலில் உண்டு. வாசல் வரைக்கும் போய், தைரியம் இல்லாமல் திரும்பி வந்திருந்தான். இப்போது அவரே அங்கியோடு வந்து அவன் தோளை அணைத்துக்கொண்டார்.

"தடையெல்லாம் நீங்கிட்டு தம்பி. சந்தோசமா இரும்."

ஜெனிபா போனில் வந்தாள். "இங்க ஒருத்தரும் எந்திரிக்கல. அங்க?"

"ஒருத்தர் எந்திரிச்சாரு. ஃபேன நிறுத்த."

அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றான். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தச் சிரிப்பு ஒன்றே போதும் என்று இருந்தது. அவள் வைத்ததும், அடுத்த அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து சண்முகப்ரியா மேடம். ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடவே மாட்டார்.

"சாரி ஜாஸ்பர், லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். உங்க ரிப்போர்ட் பிரமாதம்னு வரன்மாலைக்காரங்க சொல்லச் சொன்னாங்க."

"ரொம்ப நன்றி மேடம்."

"இன்னொண்ணு. நாம அவங்க பக்கங்களைத் திறந்து பார்க்கிறப்ப வீணா யாருக்கும் மெசேஜ் போயிடக் கூடாதுன்னு, முதல் நாள்லேர்ந்தே ஒண்ணுகூட வெளியே போகாம நிறுத்தி வெச்சிருந்தாங்களாம். தணிக்கைதான் முடிஞ்சுடுச்சேன்னு, சேர்ந்து கிடந்த மெசேஜ் அத்தனையையும் இப்பதான் மொத்தமா திறந்து விட்டிருக்காங்க."